கதவுக் கணக்கு

முதல் பாதை விடிவதற்குள் புறப்பட்டுவிடும். தயிர்ச்சட்டி அதற்குள் துறையடிக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறிய பிறகு போகிற சட்டியைத் திருகோணமலைச் சந்தைக்காரர் முகர்ந்து பார்த்து விலையைக் குறைப்பார். அதனால் மூத்தம்மாவின் நாள் இரவு மூன்று மணிக்கே தொடங்கிவிடும். குப்பி விளக்கைக் கொளுத்தி, முந்தின நாள் உறை ஊற்றி வைத்த சட்டிகளை ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்ப்பார். அசையாமல் நிற்பது சந்தைக்கு. விளிம்பில் தண்ணீர் விட்டிருந்தால் வீட்டுக்கு.

பாதை என்றால் கிழக்குக் கரையில் தெரு இல்லை. ஆட்களையும் வண்டிலையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற மிதவைக்குத்தான் அந்தப் பெயர். கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் கலக்கிற இடத்தில் கிண்ணியா இருக்கிறது. 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போக அந்தப் பாதைதான் வழி. மூதூர்ப் பக்கம் போவதென்றால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மேலும் மூன்று துறை. தயிருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கும் ஒரே வரிசை.

மூத்தம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். குர்ஆனை ஓதுவார், தமிழ் எழுத்து பழகவில்லை. அவருடைய கணக்குப் புத்தகம் குசினிக் கதவின் உட்புறம். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பில் விரலைத் தொட்டு, சட்டிக்கு ஒரு கோடு. நாலு கோடு நிமிர்ந்து நிற்கும்; ஐந்தாவது அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகும். கதவின் மேல்பாதி தயிருக்கு. இடது ஓரம் அயலில் இரவல் கொடுத்த நெல்லுக்கு. அடிப்பலகை அவர் கொடுக்க வேண்டிய கடனுக்கு. கணக்குத் தீர்ந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். மற்றவர்கள் தர வேண்டியதைச் சிலவேளை மறந்தும் போவார். அடிப்பலகையில் இருப்பதை மறந்ததே இல்லை. தொழுகைக்கு நிற்கும்போதும் அந்தக் கோடு கண்ணுக்குள் நிற்கும் என்பார்.

அவர் பிறந்த ஆண்டை உறுதியாகச் சொல்ல யாருமில்லை. 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோது எழுதியவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டார். வீட்டுக்காரர்கள் நம்பிய கணக்கு வேறு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு போட்டன. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்து குடாவுக்கு அப்பால் கரும்புகை எழுந்தபோது அவர் ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டு கரைக்குப் போயிருந்தார். அந்த வருடம்தான் நோன்பு முப்பதையும் முழுதாகப் பிடித்தாராம். ஆகவே அப்போது பன்னிரண்டு வயதாவது இருந்திருக்கும். அவரைப் பொறுத்தவரை அந்த உலக யுத்தம், தாய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழங்காட்டுக்குள் ஓடிய ஒரு காலை நேரம். ஆட்டுக்குட்டி மறுநாள் தானாக வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்வார்.

சுதந்திரத்துக்கு முந்தின வருடம் நிக்காஹ். கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். மூத்தம்மாவுக்கும் களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு வீடு கிடைத்தது. கணவர், மூத்தவாப்பா, இரண்டு எருமையோடும் ஒரு மண்வெட்டியோடும் வந்தார். காக்காமுனைக்கு அப்பால் பற்றைக்காட்டை வெட்டித் திருத்தி அவர்கள் வயலாக்கினார்கள். வெட்டியவர்கள் இரண்டு பேர். அவர் மரத்தை வெட்டினார். இவர் வேரைக் கிளறி எடுத்து, கல்லைப் பொறுக்கி, வரம்பு கட்டினார். சில வருடம் கழித்து அரசாங்கம் அந்தக் காணிக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது. அதில் ஒரு பெயர்தான் இருந்தது. அன்று அது யாருக்கும் குறையாகப் படவில்லை.

விவசாயியின் மனைவி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கும் ஒரு மாசிமாத நாளை எடுத்துக்கொண்டால் அந்தச் சொல்லுக்குள் எத்தனை வேலை இருந்தது என்பது தெரியும். முந்தின இரவே வெட்டுக்காரர் எத்தனை பேர் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போகும். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒன்றரைச் சுண்டு அரிசி, நாலு சுண்டு ஒரு கொத்து. பதினாறு பேர் என்றால் ஆறு கொத்து. அவர் விரலை மடக்கக்கூட மாட்டார். புழுங்கல் நெல் ஒரு வாரத்துக்கு முன்னமே அவித்துக் காய்ந்திருக்கும். அதைக் குத்துவதற்கு இரண்டு மருமக்கள். காலையில் பழஞ்சோற்றைத் தயிரும் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து பானையோடு வயலுக்கு அனுப்புவார். மதியத்துக்குச் சோறு, கெளுத்தி மீன் ஆணம், பூசணிக்காய்ச் சுண்டல். அசருக்குப் பிறகு தேத்தண்ணி, பனங்கட்டி. இதற்கிடையில் எருமைப் பால் கறந்து காய்ச்ச வேண்டும். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். அவித்த நெல்லைக் கோழி கிளறாமல் பார்க்க வேண்டும். ஒன்பது பிள்ளை பெற்றார், இரண்டை இழந்தார். ஒரு வெட்டுக் காலத்தில் வலி கண்டபோது உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் மருத்துவிச்சிக்கு ஆள் அனுப்பினார் என்பது குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகிற கதை.

சூடு அடிக்கிற களவெட்டிக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு. அங்கே பேச்சும் வேறு மாதிரி. நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். மூத்தம்மா வெளி வரம்பில் நின்றுகொண்டு குவியலைப் பார்ப்பார். ஒரு குவியலில் எத்தனை மரைக்கால் தேறும் என்று அவர் கண்ணால் சொன்னதும், பிறகு அளந்து வந்ததும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மூத்தவாப்பா சிரித்துக்கொண்டே, “இவவை ஏமாத்திப் போட்டு ஒரு கொத்தும் விக்கேலாது” என்பார்.

விதைநெல் முழுக்க அவருடைய பொறுப்பு. எந்த வரவையில் கதிர் ஒரே சீராக முற்றுகிறது என்று வெட்டுக்கு முன்னமே நடந்து பார்த்து, ஒரு மூலையைக் குறித்து வைப்பார். அந்த மூலையைத் தனியாக வெட்டி, தனியாக அடித்து, மூன்று வெயில் காயவைத்து, ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். ‘டக்’ என்று உடைந்தால் சாக்கில் கட்டலாம். நசுங்கினால் இன்னொரு வெயில். கிழக்கில் அப்போது முருங்கைக்காயன் என்ற நெல் பேர்போனது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் அதிலிருந்து தேர்ந்த ஒரு வகையை இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லோடு கலந்து எச்-4 என்ற புதிய இனத்தை உருவாக்கி 1958இல் வெளியிட்டார்கள். இலங்கையின் நெல் விளைச்சலை உயர்த்திய முதல் பெரிய அடி அது. கிண்ணியாவுக்கு அது வந்தபோது மூத்தம்மா ஒரு பாத்தியில் மட்டும் விதைக்க விட்டார். விளைச்சல் அவருக்குப் பிடித்தது. உரம் கூடினால் பயிர் நீண்டு வளர்ந்து காற்றில் சாய்வது பிடிக்கவில்லை. இருந்தாலும் வைக்கோல் நீளம், எருமைக்கு நல்லது என்று வைத்துக்கொண்டார். பிறகு குட்டையான பிஜி இனங்கள் வந்தன. நெல் கூடியது, வைக்கோல் குறைந்தது. ஏக்கருக்கு எத்தனை புசல் என்று ஆண்கள் பேசும்போது, மாட்டுக்கு என்ன போடுவது என்று அவர் கேட்பார். வயலையும் பட்டியையும் ஒரே கணக்காகப் பார்த்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

அவருடைய காலத்தைத் தண்ணீராலும் அளக்கலாம். 1957 மார்கழியில் கிழக்கெங்கும் குளங்கள் உடைந்த பெருவெள்ளம். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது 1964 சூறாவளியை. டிசம்பர் 22ஆம் திகதி இரவு. பின்னேரமே எருமைகள் பட்டிக்குள் நிற்க மறுத்தன. மஹ்ரிபுக்குப் பிறகு காற்று திசை மாறியது. கூரை போகப் போகிறது என்று தெரிந்ததும் மூத்தவாப்பாவும் அவருடைய தம்பியும் வண்டிலைக் கவிழ்த்து வேப்பமரத்தின் அடியோடு சேர்த்துக் கட்டினார்கள். வண்டிலுக்குக் கீழே ஐந்து பிள்ளைகளும் மூன்று சாக்கு விதைநெல்லும். நெல்லை எடுத்தால் இரண்டு பெரியவர்களுக்கும் இடம் இருந்தது. அவர் நெல்லை எடுக்கவிடவில்லை. தாயும் தகப்பனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் இரவு முழுக்க வெளியே குந்தியிருந்தார்கள். கலிமாவைத் தவிர வேறு எதையும் சொன்ன நினைவில்லை என்பார். விடிந்தபோது வீடு இல்லை, ஊரில் தென்னை இல்லை, பட்டியில் பாதி எருமை இல்லை. விதைநெல் நனைந்திருந்தது, ஆனால் முளைக்கும் பதத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்த இடத்தில் தை பிறப்பதற்குள் மறுபடி விதைத்தார்கள். அதே காற்று கடலைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்து, ஒரு ரயிலையே ஆட்களோடு கடலுக்குள் இழுத்துப்போனது என்பது அவருக்குப் பல வருடம் கழித்தே தெரியவந்தது. ரேடியோவில் கேட்ட அன்று, முன்பின் பார்த்திராத அந்த ஆட்களுக்காக யாசீன் ஓதினார்.

எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்தை மரவள்ளிக் கிழங்கும் பன்பாயும் கடத்திவிட்டன. பன் அறுத்து வந்து பாய் இழைத்து, ஒரு பாய்க்கு ஒரு கொத்து அரிசி என்று மாற்றினார். குடாவில் நீர் வற்றும் நேரம் மற்றப் பெண்களோடு மட்டி பொறுக்கவும் போனார். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. ஏழாம் நூற்றாண்டு அரசன் அக்கபோதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பழைய குளம் அது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை எடுத்துக்கொண்டு வெள்ளம் தம்பலகாமம்வரை இறங்கி வந்தது. கந்தளாய்ப் பக்கத்துப் பட்டியில் வாரத்துக்கு விட்டிருந்த அவருடைய இரண்டு எருமைகளும் போயின. எருமைக்காரர் வந்து அழுதபோது, “உன்ட புள்ளையள் இரிக்குதா? அது போதும்” என்று சொல்லி அவருக்குச் சோறு போட்டு அனுப்பினார். இடது ஓரத்தில் அந்த மனிதருக்கு எதிரே இருந்த நெல்லுக் கோடுகளை அன்று மாலை துடைத்துவிட்டதை மகள் பார்த்தார்.

பிறகு தண்ணீரைவிடக் கொடிய காலம் வந்தது. கிண்ணியாவை ஒட்டி ஆலங்கேணி, ஈச்சந்தீவு என்று தமிழ்க் கிராமங்கள் இருக்கின்றன. வயல்கள் பக்கம் பக்கம். வரம்புத் தகராறும் சேர்ந்தே வரும், கல்யாணச் சோறும் சேர்ந்தே போகும். தயிருக்கான மண்சட்டிகளை அந்தப் பக்கத்திலிருந்துதான் ஒரு பெண் வண்டிலில் வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டு வருவார். மூத்தம்மாவை ‘உம்மா’ என்று கூப்பிடுவார். இவர் அவரைப் ‘பிள்ள’ என்பார். புதுச்சட்டி தயிரின் நீரை உறிஞ்சினால்தான் தயிர் இறுகும். ஆகவே நல்ல சட்டி வேண்டும். நல்ல சட்டிக்கு அந்தப் பிள்ளை வேண்டும். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டது. தமிழர் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் ஒன்றுக்கொன்று அஞ்சின. அந்த ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது கிண்ணியாவில் அடுப்பு மூட்டாத வீடுகள் பல. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் உயிருக்குப் பயந்து ஊரை விட்டுப் போயிருந்தன. சட்டிக்காரப் பெண்ணும் போய்விட்டார். கதவின் அடிப்பலகையில் அவருக்குக் கொடுக்க வேண்டிய ஒன்பது சட்டிக் காசு நின்றது.

பன்னிரண்டு வருடம் அந்த ஒன்பது கோடும் நின்றது. சுண்ணாம்பு மங்கினால் மூத்தம்மா மேலே மறுபடி தொட்டு வைப்பார். “அந்த ஆக்கள்ர காசை நாம எதுக்கு வச்சிரிக்கணும்” என்று ஒரு மகன் கோபத்தில் கேட்டபோது, அந்த ஆட்களின் காசு இல்லை, அந்தப் பிள்ளையின் காசு என்றார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அடுத்த வெட்டுக்குள் ஆள் விட்டு விசாரித்து, அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டதை அறிந்து, பேரனின் சைக்கிளில் ஏறிப் போனார். பழைய விலையைக் கொடுக்கவில்லை. ஒன்பது சட்டிக்கு அன்றைய விலை, கூடவே அரை மூடை அரிசி. இரண்டு பெண்களும் திண்ணையில் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள் என்று அந்தப் பேரன் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு நேரே கதவடிக்குத்தான் போனாராம்.

அதற்கு முன்பே, 1993இல், மூத்தவாப்பா மௌத்தாகியிருந்தார். இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடிந்ததும் மூத்தம்மா அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, மூத்த மகன் எங்கே என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரிமையாளரைக் குறிப்பிடாமல் கணவர் இறந்தால் மனைவி தன் ஆயுள்வரை காணியை அனுபவிக்கலாம். தனக்குப் பின் யாருக்கு என்று அவர் பெயர் எழுத முடியாது. மறுமணம் செய்தால் அந்த அனுபவ உரிமையும் போய்விடும். அதன் பிறகு வரிசையில் பிள்ளைகள், அதிலும் ஆண்மக்கள் முதலில். வெள்ளைக்காரர் காலத்தில் எழுதிய சட்டம், வீட்டைப் பெண்ணுக்கு எழுதுகிற கிழக்குக் கரை வழக்கத்தை ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது. வேரைக் கிளறிய கைக்கு வயலில் உரிமை இல்லை என்றது ஓர் அநியாயம். அது பல்லாயிரம் குடியேற்றக் குடும்பங்களில் நடந்த அநியாயம்.

மகன் நல்லவர். தாயின் சொல்லைத் தட்டாதவர். ஆனால் அவர் கட்டாரில் இருந்தார். பயிர்க்கடனா, அவருடைய கையெழுத்து. 2005இல் ஐம்பது கிலோ உரமூடை 350 ரூபாய்க்கு என்று மானியம் வந்ததா, அதற்கும் அவருடைய பெயர். விதைப்புக்கு முன் உரம் வேண்டுமென்றால் தோஹாவிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும். நாற்பது வருடம் அந்த வயலின் விதைநாளைத் தீர்மானித்தவர், விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் பேத்தி ஒரு சிறு கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது எதுக்கு கோடு?” என்று கேட்டார். அவர் அறிந்தவரை ஒரு கோட்டுக்கு ஒரு சட்டி என்று பொருள். ஒன்றுமில்லை என்பதற்கும் கோடு போடுவார்கள் என்று பேத்தியால் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

2021 ஜனவரியில் அதே பேத்தி கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்துக்கு அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் என்ற மூதாட்டிக்கு, நூறு வயதைத் தாண்டிய பிறகும் இயற்கை முறையில் விவசாயம் செய்ததற்காக இந்திய அரசு பத்மஸ்ரீ அறிவித்திருந்தது. இரண்டரை ஏக்கரில் பயிர் செய்கிறவர், கடை நடத்திச் சேர்த்த காசில் காணி வாங்கியவர் என்று பேத்தி வாசித்துக் காட்டினார். மூத்தம்மா படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். விருதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“காணி ஆர்ர பேர்ல?”

“அவவிட பேர்லதானாம், மூத்தம்மா.”

“ஆ,” என்றார். மறுபடி படத்தைப் பார்த்தார். மூன்று வருடம் கழித்து, 2024 செப்டம்பரில் அந்தப் பாப்பம்மாளும் மறைந்தார். அதைக் கேட்க மூத்தம்மா இருக்கவில்லை.

இதற்கெல்லாம் பல வருடம் முன்பு, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. கரையோரம் இருந்த கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் நொறுக்கிவிட்டது. மூத்தம்மாவின் வீடு உள்ளே இருந்ததால் தப்பியது. அன்று மதியத்துக்குள் அவர் முற்றத்தில் நாலு கல் கூட்டிப் பெரிய சட்டியை ஏற்றிவிட்டார். வீட்டில் மிச்சமிருந்த அரிசி முழுக்கக் கஞ்சியாகியது. ஒன்றரை வருடம் கழித்து, 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கட்டின் கதவு மூடப்பட்டு யுத்தம் மறுபடி வெடித்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் மூதூர்ச் சனம் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் நடந்து வந்தது. அப்போதும் அதே சட்டி, அதே நாலு கல். ஒரு மூதூர்க் குடும்பம் அவருடைய மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கி அதில் தங்கியது. போகும்போது அந்த வீட்டுப் பெண், தங்கின நாட்களுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளும்படி காசை நீட்டினார். கதவில் உங்களுக்குக் கோடு போடவில்லையே என்றார் மூத்தம்மா.

பாலம் திறந்தபோது அவருக்கு எண்பதை நெருங்கிய வயது. தயிர் வேலையை மகளும் மருமகளும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திறந்த கிழமையே ஓட்டோவில் ஏறிப் பாலத்தின் நடுவில் இறங்கி நின்றார். துறையடியைக் கை காட்டி, பிள்ளைப்பேற்று வலியோடு பாதைக்காகக் காத்திருந்து அங்கேயே உயிர்விட்ட ஒரு மச்சியின் பெயரைச் சொன்னார். ஓட்டோக்காரப் பையன் மீற்றரை நிறுத்திவிட்டான்.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு பயம் வந்தது. தன்னை அடக்கும்போது சுற்ற வேண்டிய கபன் துணியை அவர் முப்பது வருடத்துக்கு முன்பே வாங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். ஹஜ்ஜுக்குப் போன ஒருவர் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து கொடுத்த துணி. 2020 ஏப்ரல் முதல், கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்றது அரசு. இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். “என்னையும் நெருப்புல வச்சிருவாங்களா?” என்று இரவில் எழுப்பிக் கேட்பார். தும்மினாலும் முந்தானையால் மூடிக்கொண்டு, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பார். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்க அனுமதி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட செய்தியைக் கேட்டதும், இரண்டு றக்அத் தொழுதுவிட்டுப் பெட்டகத்தைத் திறந்து துணியை வெயிலில் போட்டார். பத்து மாதம் ஒரு வயோதிபத் தாயை அப்படி அஞ்ச வைத்ததை அந்த வீட்டில் எவரும் மன்னித்துவிடவில்லை.

அதே வருடம் அரசு இரசாயன உரத்தை நிறுத்தியது. பேரன்மார் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தபோது, எருவைக் குவித்து ஒரு வருடம் ஆறப்போடாமல் திடீரென்று எப்படி மாறுவது என்று கேட்டவர் மூத்தம்மா. உரமில்லாமல் விளைவித்துப் பழகியவர்தான். அதனாலேயே அதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிப் போன மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. மூத்தம்மா படுக்கையில் இருந்தார். வெளியே பெண்கள் ஓடுகிற சத்தம் கேட்டு, “பாதையா?” என்றார். யாரும் சொல்லாமலே அவருக்கு அது விளங்கியிருந்தது.

2022 ஜனவரியில், பெரும்போகப் பயிர் குடலை தள்ளிய நேரத்தில், ஒரு லுஹர் பாங்கின்போது அவர் மௌத்தானார். காணி அபிவிருத்திச் சட்டம் திருத்தப்பட்டு, ஆண்மக்களுக்கு முன்னுரிமை என்ற வரிசை நீக்கப்பட்டதும் அந்த 2022ஆம் ஆண்டில்தான்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து நின்று, வழக்கப்படி, உம்மா யாருக்காவது கடன் வைத்திருந்தால் தன்னிடம் சொல்லும்படி கேட்டார். ஒருவரும் வரவில்லை. அடக்கிவிட்டு வந்து, ஏழாம் நாள் சோற்றுக்கு விறகு எடுக்கப் பழைய குசினிக்குள் போன மகள்தான் கதவைச் சாத்திப் பார்த்தார். மேல்பாதி சுத்தம். இடது ஓரம் சுத்தம். அடிப்பலகையில், படுத்திருந்தபடியே கை நீட்டிப் போட்டதுபோல், சாய்ந்து சாய்ந்து மூன்று கோடு.

மகள் தயிர்க்காரர்களிடம் கேட்டார். மருந்து கொண்டுவந்து கொடுத்த பையனிடமும் வெற்றிலைக் கடையிலும் கேட்டார். ஆலங்கேணிக்குப் போய்ச் சட்டிக்காரப் பெண்ணிடமும் கேட்டார். முடி நரைத்துப்போயிருந்த அந்தப் பெண், தனக்கு ஒன்றும் வர வேண்டியதில்லை என்று சொல்லி, மூன்று புதுச்சட்டி கொடுத்து அனுப்பினார். அவற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மகள் வீட்டுக்கு வந்து சுண்ணாம்பைத் தொட்டு, அந்த மூன்று கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று போட்டார்.